கீழ் வீட்டில் ஒரு கஃபே: தெருவிடம் நாம் என்ன கேட்கிறோம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் பேசப்போவது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மூணு மாசமா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு சண்டை. குடும்பத்தில் அனுமதி வாங்கிட்டேன். பேர் சொல்லக்கூடாது, தெரு சொல்லக்கூடாது, அது மட்டும்தான் கண்டிஷன்.

என் அத்தை வீடு நங்கநல்லூர் பக்கம் ஒரு உள்தெருவில் இருக்கிறது. ஒரு கிரவுண்டு இடம், கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு வீடு. மாடியில் அத்தை தனியாக இருக்கிறார். கீழே குடியிருந்தவர்கள் காலி பண்ணிவிட்டார்கள். அதே சமயத்தில் அத்தை பொண்ணு, நான் அக்கான்னு கூப்பிடுவேன், ஒன்பது வருஷம் பார்த்த ஐடி வேலையை லேஆஃபில் இழந்தாள். கையில் கொஞ்சம் சேமிப்பு, ரொம்ப நாள் ஆசை ஒன்று, காலியாக ஒரு கீழ் வீடு. முப்பது பேர் உட்கார்கிற மாதிரி ஒரு கஃபே போடலாம் என்று முடிவு பண்ணினாள். நல்ல ஃபில்டர் காபி, கேக், சாயங்காலம் ரெண்டு மூணு டிபன் ஐட்டம். வாடகை கிடையாது, முன்னாடி ஒரு வேப்பமரம் வேற. ஐடியா கேட்டதும் நான்தான் முதல் ஆளாக "சூப்பர்"னு ஹார்ட் போட்டேன்.

பிளான் அப்ரூவல் வேலை பார்க்கிற தெரிந்தவர் ஒருவரிடம் பட்டா நகலைக் காட்டியபோதுதான் விஷயம் திரும்பியது. "உங்க இடம் பிரைமரி ரெசிடென்ஷியல்மா. இந்த அளவு கஃபேன்னா ரீகிளாசிஃபிகேஷன் போடணும்" என்றார். அக்காவுக்கு அந்த வார்த்தையே புதுசு. எனக்கும்தான். அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சென்னையில் உங்கள் இடம் உங்களுடையதாக இருந்தாலும், அதில் என்ன செய்யலாம் என்பதை ஒரு வரைபடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறது. அதுதான் மாஸ்டர் பிளான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம் சொல்கிற சிஎம்டிஏ, 2026 வரைக்கும் என்று கணக்கு வைத்துப் போட்ட இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஊரை வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை, இன்னும் சில. ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதோ ஒரு வகைக்குள் விழும்.

இதில் நமக்கு வேண்டியது ஒரு நுணுக்கம். குடியிருப்பு என்பது ஒரே வகை இல்லை. பிரைமரி ரெசிடென்ஷியல், மிக்ஸட் ரெசிடென்ஷியல் என்று இரண்டு உண்டு. முதலாவது பெரும்பாலும் வீடுகளுக்கு. இரண்டாவதில் வீடுகளோடு சேர்த்து பேங்க், ஆபீஸ், சாப்பாட்டுக் கடை என்று பலதும் வரலாம். சென்னை மாநகருக்குள் பிரைமரியைவிட மிக்ஸட்தான் அதிகப் பரப்பு. அதனால் "எங்க தெரு முழுக்க வீடுதான், இங்கே கடையே வரக்கூடாது" என்று சண்டை போடுகிற நிறைய பேர், மிக்ஸட் ரெசிடென்ஷியலில் உட்கார்ந்துகொண்டுதான் சண்டை போடுகிறார்கள். இது தெரியாமலே இரண்டு தரப்பும் வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். சண்டைக்கு முன்னாடி பட்டாவில் இருக்கிற சர்வே எண்ணை வைத்து சிஎம்டிஏ இணையதளத்தில் நில உபயோகம் என்னவென்று ஒரு தடவை பாருங்க. பெரிய வேலை ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். பிரைமரி ரெசிடென்ஷியல் என்றால் வியாபாரமே கூடாது என்று அர்த்தம் இல்லை. வீட்டில் குடியிருக்கிற டாக்டரோ வக்கீலோ அங்கேயே ஒரு அறையில் ஆட்களைப் பார்க்கலாம். பால் பூத், சின்ன மளிகை, தையல் கடை, சலூன் மாதிரி அன்றாடத் தேவைக்கான சின்னக் கடைகளுக்கு இடம் இருக்கிறது. மின்சாரக் கட்டணத்திலேயே இந்த யோசனை தெரியும்: வீட்டோடு ஒட்டின, 200 சதுர அடிக்குள் இருக்கிற கன்சல்டிங் ரூமை வீட்டு இணைப்பிலேயே வைத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். ஆக, சட்டம் கேட்கிற கேள்வி "வீடா, கடையா" என்பது இல்லை. எவ்வளவு பெரிய கடை, யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர் வந்து போவார்கள் என்பதுதான். அக்காவின் முப்பது சீட் கஃபே அந்த அளவைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான் பிரச்சினை.

சரி, மாற்றுவது எப்படி? தமிழில் இதற்கு நில உபயோக மாற்றம் என்று பெயர். 1971ஆம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மாஸ்டர் பிளானைத் திருத்த வழி இருக்கிறது. நீங்கள் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டினால், அதிகாரிகள் இடத்தைப் பார்ப்பார்கள். பேப்பரில் அறிவிப்பு வரும். ஆட்சேபணை இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். பிறகு தொழில்நுட்பக் குழு, அப்புறம் குழுமக் கூட்டம், கடைசியில் அரசிதழ். பேப்பரில் கடைசிப் பக்கங்களில் சர்வே எண், கிராமம் என்று பொடி எழுத்தில் வருமே, நாம் யாருமே படிக்காமல் வடை மடிக்கிற பக்கம், அதில்தான் பல தெருக்களின் தலையெழுத்து வந்து போகிறது.

அதோடு முடியாது. நிலத்தின் வகை மாறினாலும், வீடாக அப்ரூவல் வாங்கின கட்டடத்தைக் கடையாக மாற்றத் தனி அனுமதி வேண்டும். பார்க்கிங் எங்கே, பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டட விதிகளை வைத்துக் கேட்பார்கள். மாநகராட்சியில் தொழில் உரிமம் தனி. சொத்து வரி குடியிருப்பு அல்லாத கணக்குக்குப் போகும். கரண்ட் வணிகக் கட்டணத்துக்கு மாறும், ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வீடுகளுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் அந்த இணைப்புக்குப் போய்விடும். அக்கா எக்ஸெலில் இதற்கெல்லாம் ஒரு வரி போட்டு வைத்திருந்தாள். ஐடியில் இருந்தவள் இல்லையா, கலர் எல்லாம் போட்டு.

அவள் எக்ஸெலில் இல்லாதது தெரு.

விண்ணப்பம் போட்டால் எப்படியும் அக்கம்பக்கத்துக்குத் தெரியத்தான் போகிறது, முதலிலேயே சொல்லிவிடலாம் என்று அத்தை சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டுத் திண்ணையிலும் கேட்டோரத்திலுமாக ஏழெட்டு பேர் கூடினார்கள். நானும் போயிருந்தேன். அக்கா பிரின்ட் எடுத்த ஒரு படத்தைக் காட்டினாள், மெனு சொன்னாள், ராத்திரி ஒன்பது மணிக்கு மூடிடுவேன் என்றாள்.

முதலில் வந்தது நாம் எல்லாரும் எதிர்பார்க்கிற கேள்விகள். தெரு இருபது அடி. ரெண்டு பக்கமும் பைக் நிறுத்தினால் ஆம்புலன்ஸ் வருமா? டிசம்பரில் ஏற்கெனவே தண்ணி தேங்குகிற தெரு, கஃபேக்கு எவ்வளவு தண்ணி, கழிவு எங்கே போகும்? எக்ஸாஸ்ட் ஃபேன் எந்தப் பக்கம்? பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், அவருக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும், நேர் மாறாகப் பேசினார். "ஏழு மணிக்கு மேல தெருவே சுடுகாடு மாதிரி இருக்கு. ஒரு வெளிச்சம், நாலு ஆள் நடமாட்டம் இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம் எதிர் வீட்டு மாமா பேசினார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அக்காவை ஃப்ராக் போட்ட காலத்தில் இருந்து பார்த்தவர். "நீ ஒழுங்கா நடத்துவேன்னு எனக்குச் சந்தேகமே இல்லம்மா. உனக்கு அப்புறம் யாரு நடத்துவா?"

அக்கா, எழுதிக் கொடுக்கிறேன் மாமா என்றாள். ஒன்பது மணிக்கு மேல் திறக்க மாட்டேன், ஸ்பீக்கர் வைக்க மாட்டேன், பத்து வண்டிக்கு மேல் நிற்க விட மாட்டேன். மாமா சிரித்துவிட்டு, "நீ எழுதிக் கொடுக்கிறது உன்னைக் கட்டுப்படுத்தும். இந்த நிலத்தைக் கட்டுப்படுத்துமா?" என்று கேட்டார்.

மூணு மாசமா நான் யோசித்துக்கொண்டிருக்கிறது இந்தக் கேள்வியைத்தான். நில உபயோக மாற்றம் என்பது அக்காவுக்குக் கொடுக்கிற லைசென்ஸ் இல்லை. நிலத்துக்குக் கொடுக்கிற அடையாளம். கஃபே ரெண்டு வருஷத்தில் மூடினாலும் அந்த அடையாளம் அங்கேயே இருக்கும். நாளைக்கு அத்தை வீட்டை விற்றால், வாங்குகிறவர் மிக்ஸட் ரெசிடென்ஷியலில் என்னென்ன வரலாமோ அதையெல்லாம் கேட்கலாம். அனுமதி கொடுக்கும்போது அதிகாரிகள் நிபந்தனை போடலாம்தான். ஆனால் அக்காவின் நல்ல குணத்தை நிபந்தனையாகப் போட முடியாது. தெருவிடம் நாம் கேட்பது "எங்க அக்காவை நம்புங்க" என்று. தெரு கொடுப்பது இனி வரப்போகிற, பெயர் தெரியாத எல்லாருக்குமான சம்மதம். ரெண்டும் ஒன்று இல்லை.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். தி. நகர். 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, குடியிருப்புக்காகவே திட்டம் போட்டு உருவாக்கின இடம். பூங்கா, அகலமான தெரு, தோட்டத்தோடு வீடு. இன்றைக்கு தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே போய்ப் பாருங்க. ஒரு நாளில் யாரும் கையெழுத்துப் போட்டு அதை மாற்றவில்லை. ஒரு வீடு கடையானது, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் தாங்கவில்லை, நல்ல விலை வந்தது, அவரும் கொடுத்தார். இப்படித்தான் தெரு மாறும். எனக்கு தி. நகரைத் திட்டுகிற எண்ணமே இல்லை, என் பாதி சட்டைகள் அங்கே வாங்கினவைதான். அங்கே குடியிருந்தவர்களுக்கு முதல் கடை வந்தபோது கடைசிக் கடை தெரிந்திருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ யாரையும் கேட்காம திறந்துட வேண்டியதுதானே, ஊரே அப்படித்தான் நடக்குது" என்று எங்க குரூப்பிலேயே ஒரு தம்பி எழுதினான். உண்மைதான், நடக்கிறது. தமிழ்நாட்டில் 1999க்கு முன்னாடி கட்டின விதிமீறல்களைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள அரசே ஒரு வழி திறந்தது. அதிலிருந்து "முதலில் கட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே 1971 சட்டத்தில் பூட்டி சீல் வைக்கிற அதிகாரமும் இருக்கிறது. யார் மேல், எப்போது அது பாயும் என்பது, யார் புகார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அது ஊர் அளவில் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி இருக்கிறது. அங்கே குடியிருப்புப் பகுதிகளில் பல வருஷமாகக் கடைகள் பெருகிக்கொண்டே போயின. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடியிருப்பை வணிகத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகிற இடங்களுக்கு சீல் வைக்கச் சொன்னது. மார்ச் கடைசியில் வேலை தொடங்கியது. வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த போராட்டத்தில் உயிர்ப்பலியே ஏற்பட்டது. நாடாளுமன்றம் அவசரமாக ஒரு வருஷத்துக்குத் தடுப்புச் சட்டம் போட்டது, பிறகு அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். அதே வருஷம் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களைக் கடை வைக்கலாம் என்று அறிவித்தார்கள். 2007இல் வந்த மாஸ்டர் பிளானில் கலப்புப் பயன்பாட்டுக்குத் தனி விதிகளே வந்தன. பத்து வருஷம் கழித்து, 2017 டிசம்பரில் மறுபடி சீல் வைப்பு.

இதில் இரண்டு பக்கமும் பாடம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் திறந்தவருக்கு, முதலீடு பூராவும் ஒரு பூட்டை நம்பி நிற்கும். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்த திட்டக்காரர்களுக்கு, கடை எப்படியும் வரும், வெளிச்சத்தில் வருவதற்குப் பதிலாக பின்வாசல் வழியாக வரும். அப்படி வருகிற கடைக்குப் பார்க்கிங் விதியும் கிடையாது, எக்ஸாஸ்ட் ஃபேன் விதியும் கிடையாது. எதிர்த்தவர்கள் எதற்கெல்லாம் பயந்தார்களோ அதெல்லாம் வரும், கேட்க ஆள் இருக்காது.

எனக்குப் பிடித்த வழி ஜப்பானில் இருக்கிறது. அங்கே மிக அமைதியான, தாழ்வான வீடுகளுக்கு மட்டுமான பகுதி என்று ஒரு வகை. நம்முடைய பிரைமரி ரெசிடென்ஷியல் மாதிரி, இன்னும் கண்டிப்பானது. அதிலேயே வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைக்கு அனுமதி உண்டு. கடைப் பகுதி 50 சதுர மீட்டருக்குள் இருக்கணும், கட்டடத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கணும். நம்ம கணக்கில் சுமார் 540 சதுர அடி. நிலத்தின் வகையை மாற்றவே தேவையில்லை. வீட்டை விற்றால் அடுத்தவருக்குக் கிடைப்பதும் அதே 50 சதுர மீட்டர்தான், நாலு மாடி ஷோரூம் இல்லை. டோக்கியோ வீடியோக்களில் வீட்டுக்குக் கீழே ஆறு சீட் காபிக் கடை பார்த்து ஏங்குவோமே, அதற்குப் பின்னால் அழகுணர்ச்சி மட்டும் இல்லை, இப்படி ஒரு வரி விதியும் இருக்கிறது.

இங்கே மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கான வேலை நடக்கிறது. சின்னக் கடைக்கான அளவை இப்படித் தெளிவாகச் சதுர அடியில் எழுதி வைத்தால், அக்கா மாதிரி ஆட்கள் முழு நிலத்தையும் மாற்றக் கேட்க வேண்டியிருக்காது, மாமா மாதிரி ஆட்கள் முழு எதிர்காலத்துக்கும் பயப்பட வேண்டியிருக்காது. இப்போது இருக்கிற ஏற்பாடு, ஒரு ஜன்னல் கேட்கிறவரிடம் சுவரையே இடிக்க மனு போடச் சொல்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு குரூப்பில் ஒரு திருப்பம். வெளிநாட்டில் இருக்கிற அத்தை பையன், அண்ணா, அதுவரை ஒரு தம்ஸ் அப் கூட போடாதவர், திடீரென்று நீளமாக எழுதினார். ரீகிளாசிஃபிகேஷன் கண்டிப்பா போடணும், கஃபே ஓடுதோ இல்லையோ, மிக்ஸட் ஆனால் இடத்துக்கு விலை ஏறும், பின்னாடி விற்கும்போது உதவும் என்று. அக்கா பதில் எதுவும் எழுதவில்லை. ஆனால் எனக்கு போன் பண்ணினாள். "மாமா கேட்டது அண்ணாவைத்தான்டா. அவருக்கே தெரியாம கேட்டிருக்கார்" என்றாள்.

நானும் அதுவரைக்கும் மாமாவை, எதற்கெடுத்தாலும் தடை சொல்கிற பழைய ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்காஸ்ட் பண்ணுகிறவன் என்பதால் இளைஞர் பக்கம் நின்றுவிட்டேன் போல.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த மூணு மாசத்தில் நாங்கள் யாருமே கேட்காத ஒரு ஆள் இருந்தார். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அத்தை. அக்கா ஃபார்மை நீட்டினபோது அத்தை கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்தார். பிறகு, "கீழ காபி மிஷின் ஓடும்போது மேல தூங்கப்போறது நான்தானே? என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாக. மறுக்கவும் இல்லை. ஃபார்மை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அக்கா இப்போதைக்குச் சின்னதாக ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறாள். கீழ் வீட்டுச் சமையலறையில், உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, வாரக் கடைசியில் ஆர்டருக்கு மட்டும் கேக். ஆள் உட்கார இடம் கிடையாது, வண்டி நிற்காது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் ஏமாற்றம், வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். அவர் சொன்னதை நான் இன்னும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டுத் தெருவும் ஒரு விலைதான், அதைக் கொடுப்பது பெரும்பாலும் வயதானவர்களும் பெண்களும்.

முப்பது சீட் கனவு போய்விட்டதா என்று கேட்டால், தெரியவில்லை. போன வியாழக்கிழமை எதிர் வீட்டு மாமா அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மெயின் ரோட்டில் ஷட்டர் இறக்கின ஒரு கடை, அதில் ஒட்டியிருந்த வாடகைக்கு போர்டு, போன் நம்பர் தெரிகிற மாதிரி ஜூம் பண்ணி. கீழே ஒரு வரி: "ஓனர் என் பழைய பேங்க் கஸ்டமர். அட்வான்ஸ் கொறச்சுப் பேசலாம்."